முதல் லாட்

மார்ச் 17, 2022
மின் ஸ்கூட்டர் வந்துவிட்டது. ஷோரூம் என்று ஒன்று கிடையாதாம். லாரியிலிருந்து நேரே வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அம்மா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகளான பீலர் கேஜை எடுத்துக்கொண்டு குந்தினேன். முன் பேனலின் இடப்பக்க இடுக்கில் அரை மில்லிமீட்டர் தகடுகூட நுழையவில்லை. வலப்பக்கத்தில் எல்லாத் தகடுகளையும் சேர்த்துச் செருகினாலும் ஆடுகிறது. "வந்த அன்றேவா?" என்று செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

மார்ச் 19
ஓட்டம் அபாரம். குறை சொல்ல மனம் வரவில்லை.

மார்ச் 22
சைடு ஸ்டாண்டை எடுத்த பிறகும் எடுக்கவில்லை என்கிறது திரை. எடுத்தால்தான் வண்டி நகரும். ரேஷன் கடை வாசலில் செல்வி அரிசிப் பையோடு வெயிலில் நின்றிருக்கிறாள். புகார் கொடுத்தேன். "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது."

மார்ச் 26
நம் வேலூரிலேயே. வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, ஒரு தந்தையும் மகளும் போய்விட்டார்கள். நம்முடையது வேறு நிறுவனத்து வண்டி என்று அம்மாவிடம் சொன்னேன். "பேட்டரிதானே இதிலும்?" என்றாள். பதில் இல்லை என்னிடம்.

மார்ச் 27
புனேயிலும் நேற்றுத் தெருவோரம் நின்ற வண்டி ஒன்று எரிந்திருக்கிறது. காணொளியை செல்வி பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன். அவளுக்கு ஏற்கெனவே வேறு மூன்று பேர் அனுப்பியிருந்தார்கள். சார்ஜரை மாடிப்படிக்கு அடியிலிருந்து வெளிச்சுவருக்கு மாற்றியாயிற்று. அம்மாவின் கட்டில் அந்தப் படிக்கு நேர் எதிரே இருக்கிறது.

மார்ச் 30
இரவு இரண்டு மணி. பேட்டரி மூடியில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை.

ஏப்ரல் 4
ஒருவழியாக ஆள் வந்தார். டிப்ளமோ முடித்துச் சேர்ந்த பையன், திருவண்ணாமலைப் பக்கம். மடிக்கணினியைப் பொருத்தி, "அடுத்த மென்பொருள் வந்தால் சரியாகிவிடும், சார்" என்றார். ஸ்டாண்டு மென்பொருளா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, இருக்கைக்கு அடியில் இருந்த உறையைக் கழற்றினார்.

கனெக்டர் வெளியே வந்தது. நான்கு பின்களில் ஒன்று மற்ற மூன்றையும் விடப் பின்னால் தள்ளி நின்றது. அதாவது, பொருத்தும்போது அது கிளிக் என்று பூட்டிக்கொள்ளவே இல்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் தொட்டும் விட்டும் இருந்திருக்கிறது. ஸ்டாண்டு சென்சார் இதற்குத்தான் பைத்தியம் பிடித்து ஆடியது. பையன் சின்ன ஸ்குரூடிரைவரால் அழுத்தினார். கிளிக். முடிந்தது வேலை.

எனக்குத்தான் முடியவில்லை. ராணிப்பேட்டையில் எங்கள் ஆலையில் புதிய பாகம் ஒன்று ஓடத் தொடங்கினால் முதல் லாட்டை, அதாவது முதல் தொகுதியை, ஒன்றுவிடாமல் மேசையில் வைத்துப் பார்ப்போம்; வயரை இழுத்துப் பார்க்காமல் ஒரு ஹார்னஸ், அதாவது வயர் கட்டு, கதவைத் தாண்டாது. இங்கே அந்தச் சோதனை மேசையையே தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் போட்டிருக்கிறார்கள், காசும் வாங்கிக்கொண்டு. சொன்ன வசதிகளில் பாதி "பின்னர் வரும்". இறக்கிவைத்துப் பந்தியில் பரிமாறிய பிறகு வேகட்டும் என்று சோறு வடிப்பவர் உண்டா?

இது ஸ்டாண்டுக்குப் போகும் வயர், சில மில்லியாம்பியர். இதே கை பேட்டரியின் பெரிய முனையையும் பொருத்தியிருந்தால்? அங்கே தளர்ந்த இணைப்பு என்றால் தடை கூடும், தடை கூடினால் சூடு. "பேட்டரியைத் திறந்து காட்டுங்கள்" என்றேன். "சீல் உடைந்தால் வாரண்டி போய்விடும், சார்."

ஏப்ரல் 5
அந்தப் பையன் மேல் கோபமில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

ஏப்ரல் 11
கத்திரி தொடங்கும் முன்பே இந்த வெயில். வேலை முடிந்து வந்ததும் சார்ஜ் போடக் கூடாது, பேட்டரி ஆறவேண்டும். செல்வி காலையில் ஏழரைக்குப் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். எப்போதுதான் போடுவது?

ஏப்ரல் 16
ஒகினாவா என்ற மின் ஸ்கூட்டர் நிறுவனம் 3,215 வண்டிகளைத் திரும்ப அழைக்கிறது. பேட்டரியில் தளர்ந்த கனெக்டர் உண்டா, சேதம் உண்டா என்று பார்ப்பார்களாம்.

தளர்ந்த கனெக்டர்.

செய்தியை செல்வியிடம் உரக்கப் படித்தேன். "சரி, இப்போது தூங்குங்கள்" என்றாள்.

ஏப்ரல் 21
அலட்சியம் என்று தெரிந்தால் கடும் அபராதம், பழுதான வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவு என்கிறார் மத்தியப் போக்குவரத்து அமைச்சர் கட்கரி. நிபுணர் குழுவும் உண்டு. திரும்பப்பெறும் விதி சென்ற ஆண்டு ஏப்ரலிலிருந்தே இருக்கிறது. ஆனால் விற்ற வண்டிகளில் இத்தனை சதவீதத்துக்குப் புகார் வந்தால்தான் அது அசையும். நேற்று அறிமுகமான வண்டிக்கு எந்தச் சதவீதம்?

ஏப்ரல் 24
ஓலாவும் 1,441 வண்டிகளைத் திரும்ப அழைக்கிறது. புனேயில் எரிந்தது தனித்த சம்பவம்தானாம், இருந்தாலும் அந்த லாட்டை மட்டும் சோதிக்கிறார்களாம். குறைந்தபட்சம் லாட் என்ற வார்த்தையையாவது வெளியே சொன்னார்கள். எங்கள் வண்டியின் லாட் எது என்று நம்மவர்களுக்கு எழுதிக் கேட்டேன். "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது."

ஏப்ரல் 28
வலப்பக்க இடுக்கு இன்னும் அகன்றிருக்கிறது. செல்வி இல்லை என்கிறாள். கேஜ் பொய் சொல்லாது.

மே 2
சேசிஸ் எண் கேட்டு ஒரு பெண் அழைத்தார். வியாழக்கிழமை வண்டியை எடுத்துப்போக ஆள் வருமாம், "வழக்கமான பரிசோதனை". அதுவரை ஐம்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்ற வேண்டாமாம். ஏன் என்றேன். "பொதுவான அறிவுரை, சார்." திரையில் 71 காட்டுகிறது. இறக்குவதற்காக இருட்டில் சத்துவாச்சாரி முழுக்கச் சுற்றிவிட்டு வந்தேன்.

மே 5
ஆள் வரவில்லை. செல்வி பஸ்ஸில் போனாள்.