பெட்ரோல் முள்

மார்ச் 4, செவ்வாய்
தேனியில் டேங்க் நிறையப் போட்டேன். முள் முக்காலோடு நின்றுவிட்டது. உசிலம்பட்டி தாண்டும்போது பாதி. மாருதி 800 அவ்வளவா குடிக்கும்? டேங்கே 28 லிட்டர்தான். மதுரை போய்ச் சேரும் வரை ரோட்டை விட முள்ளைத்தான் பார்த்தேன்.

மார்ச் 5
ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி
"மீட்டர் போயிருக்கும்ணே, மாத்திருவோம்" என்றான் மெக்கானிக். பார்க்காமலே எப்படித் தெரியும்? டேங்குக்குள் பெட்ரோல் அளவைப் பார்த்து மீட்டருக்குச் சொல்லும் யூனிட்டுக்குப் போகும் ஒயரைக் கழற்றச் சொன்னேன். சாவி போட்டதும் முள் அடியில் கிடந்தது. அதே ஒயரைப் பாடியில் தொட்டு எர்த் கொடுத்ததும் மெதுவாக எழுந்து 'F' வரை போனது. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் மீட்டர் கருகிவிடும், எடுத்துவிட்டோம். மீட்டரும் ஒயரும் நல்லாத்தான் இருக்கின்றன. கோளாறு டேங்க் பக்கம். யூனிட்டின் எர்த் முனை பூராவும் துரு. அங்கே மின்தடை கூடினால் இந்த மீட்டருக்கு அது பெட்ரோல் குறைந்த கணக்கு. சுரண்டி, பாடிக்குத் தனி ஒயர் இழுத்ததும் முள் கொஞ்சம் ஏறியது. பத்து ரூபாய் ஒயர்! மீட்டரை மாற்றியிருந்தால் காசும் போய், கோளாறும் அப்படியே இருந்திருக்கும்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "வண்டில எண்ணெய் இருக்கா?"

மார்ச் 8
கால் டேங்குக்கு வந்ததும் முள் பொத்தென்று 'E'யில் விழுகிறது. பள்ளத்தில் குலுங்கினால் திரும்ப எழுகிறது. ஆண்டிபட்டிக் கணவாயில் இரவு பதினொரு மணிக்கு இந்தக் கூத்து. அம்மா பின்சீட்டில் தூங்குவது போல இருந்தாள். தூங்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு
பெட்ரோலை வடித்து டேங்கை இறக்கியாச்சு. யூனிட்டில் பெட்ரோல் மேல் மிதக்கும் ப்ளோட்டில் ஓட்டை இல்லை, ஆட்டினால் உள்ளே சத்தமும் இல்லை. மல்டிமீட்டர் வைத்து ப்ளோட் கம்பியை மெல்ல மேலிருந்து கீழே இறக்கினோம். மின்தடை ஒழுங்காகக் கூடிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் மட்டும் அறுந்தது. யூனிட்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அங்கே தேய்ந்து போயிருக்கிறது. எர்த்தும் கெட்டு இதுவும் கெட்டால் முள்தான் என்ன செய்யும், பாவம். டூப்ளிகேட் யூனிட் உடனே கிடைக்குமாம். ஒரிஜினலுக்குச் சென்னை புதுப்பேட்டையில் சொல்லிவைக்க வேண்டுமாம். காத்திருக்க இது நேரமில்லை.

மார்ச் 10
யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்
டூப்ளிகேட் மாட்டியாச்சு. காலி டேங்கில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, முள் நின்ற இடத்தையெல்லாம் அட்டையில் குறித்தேன். ஐந்து ஊற்றியும் 'E'யை விட்டு அசையவில்லை. ப்ளோட் கம்பியை ஒரு நூல் வளைத்தால் சரியாகும், ஆனால் டேங்கை மறுபடி இறக்கணும். வேண்டாம், காலி என்று காட்டிவிட்டுக் கொஞ்சம் மிச்சம் இருந்தால் நல்லதுதான்.

போன் வந்தது. விடிவதற்குள் வரச் சொல்கிறார்கள். அம்மாவை எழுப்ப வேண்டும்.