மூன்றாவது விளக்கு

மார்ச் 3, செவ்வாய்

பூஸ்டர் வந்துவிட்டது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி, அடாப்டர், மஞ்சள் நெட்வொர்க் கேபிள், எட்டாக மடித்த ஒரு தாள். அவ்வளவுதான்.

இதை வாங்க வேண்டி வந்ததே அம்மாவுக்காக. பால்கனியில் சிக்னல் மைனஸ் 96 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு), உள் அறையில் மைனஸ் 118, அதாவது இன்னும் பலவீனம். பார்க்கச் சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் 22 டெசிபல் என்றால் ஏறக்குறைய 160 மடங்கு. போன் அடித்ததும் அம்மா எழுந்து பால்கனிக்கு ஓடுவார், அவர் போய்ச் சேர்வதற்குள் அது நின்றுவிடும். எனக்கென்றால் வைஃபை காலிங் போதும். அம்மாவின் பட்டன் போனில் வைஃபை கிடையாது, அதை மாற்றவும் அவர் சம்மதிக்கவில்லை.

பூஸ்டர் என்று எல்லோரும் சொல்கிறோம், பெயர்தான் குழப்பம். வெளியே ஆன்டெனா வைத்து டவர் சிக்னலை வாங்கிப் பெருக்கி உள்ளே விடுகிற ரிப்பீட்டர் வேறு. இந்தப் பெட்டி எதையும் பெருக்குவதில்லை. இதுவே ஒரு குட்டி டவர், பெயர் ஃபெம்டோசெல். போன் இதோடு பேசும், இது நம் பிராட்பேண்ட் வழியாகக் கம்பெனியின் நெட்வொர்க்கோடு பேசும். அதனால் வெளியே சிக்னல் துளியும் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். அதே காரணத்தால், ரவுட்டர் முரண்டு பிடித்தால் வேலை செய்யாது.

பெட்டியில் மூன்று விளக்குகள். பவர் எரிகிறது. இன்டர்நெட் எரிகிறது. மூன்றாவது, சர்வீஸ் விளக்கு, மினுக்கிக்கொண்டிருக்கிறது. முதல் தடவை 6 மணி நேரம் வரை ஆகலாம் என்கிறது தாள். சரி, தூங்கப் போகிறேன்.

மார்ச் 4, புதன்

காலையிலும் மினுக்கல்தான்.

கேபிளை மாற்றினேன். ரவுட்டரில் வேறு போர்ட்டில் செருகினேன். குண்டூசியால் ரீசெட் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தேன். ஒன்றும் மாறவில்லை. கஸ்டமர் கேரில் பேசியவர் எடுத்த எடுப்பில் "ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றார். செய்தாகிவிட்டது என்றேன். "இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க சார்." பண்ணினேன். கடைசியில், ரவுட்டரில் 50, 123, 500, 4500 இந்த நான்கு போர்ட்டையும் (கேபிள் செருகும் போர்ட் அல்ல, எந்தச் சேவைக்கான தகவல் என்று காட்டும் கதவு எண்கள்) திறந்து வைக்கச் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பினார்.

நானும் நல்ல பிள்ளையாக, வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் நான்கையும் சேர்த்துவிட்டேன். சேர்த்த பிறகுதான் யோசித்தேன், அதென்ன 50?

123 நேரம் கேட்கிற என்டிபிக்கான போர்ட். டவர் என்று வந்துவிட்டால் அலைவரிசை துல்லியமாக இருக்க வேண்டும். வீட்டு வகைக்கு அனுமதித்திருப்பது நூறு கோடிக்கு 250 பங்கு பிழைதான். அந்தத் துல்லியத்துக்குப் பல பெட்டிகள் வெளியிலிருந்து நேரம் கேட்டு வாங்குகின்றன. 500, 4500 இரண்டும் ஐபிசெக் என்கிற பூட்டிய குழாயைப் போடுவதற்கு. நம் பேச்செல்லாம் அந்தக் குழாய்க்குள்தான் போகும். இந்த மூன்றும் யூடிபி என்ற நெறிமுறையின் (தகவல் அனுப்பும் முறை) போர்ட்கள். 50 மட்டும் போர்ட்டே இல்லை. அது ஐபிசெக் குழாயில் தகவலைப் பூட்டி அனுப்பும் இஎஸ்பி என்ற நெறிமுறைக்குக் கொடுத்த எண். டிசிபிக்கு 6, யூடிபிக்கு 17, இஎஸ்பிக்கு 50. யாரோ எப்போதோ பட்டியல் போடும்போது இதையும் போர்ட் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள், ஆளுக்கு ஆள் அதையே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. பெட்டிதான் உள்ளிருந்து வெளியே கூப்பிடுகிறது, வெளியிலிருந்து யாரும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை. அப்படியானால் போர்ட் ஃபார்வர்டிங்கே தேவையில்லை. உள்ளிருந்து போவதை ரவுட்டர் தடுக்காமல் இருந்தால் போதும். இருந்தாலும் அந்த நான்கையும் அழிக்க மனம் வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 5, வியாழன்

இன்று ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். செய்தபோது அப்படித்தான் தோன்றியது.

வைஃபை காலிங்கும் இதே ஐபிசெக் குழாயைத்தான் போடுகிறது, அதே 500, அதே 4500. எனவே என் போனை ஃப்ளைட் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்து, ஒரு நண்பனைக் கூப்பிட்டேன். தெளிவாகப் பேச முடிந்தது. ஆக ரவுட்டர் இரண்டு போர்ட்டையும் தடுக்கவில்லை, அது நிரபராதி என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ரவுட்டர் இல்லையென்றால் பிராட்பேண்ட் கம்பெனி. தகவல் பாக்கெட் போகும் பாதையைத் தடம் பிடித்துப் பார்த்தேன். முதல் படி 192.168.1.1, என் ரவுட்டர். இரண்டாவது படி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள், கம்பெனியே பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துவதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. என் ரவுட்டரில் ஒரு முகவரி மாற்றம் (நேட்), அவர்களிடம் இன்னொன்று. இரட்டை நேட். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவர்களைக் கூப்பிட்டு அரைமணி நேரம் சண்டை போட்டேன். "எங்க பக்கம் எதுவும் பிளாக் இல்ல சார்" என்பதையே அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ராத்திரி சாப்பிட உட்காரும்போதுதான் உறைத்தது. 4500 என்ற போர்ட் இருப்பதே இதற்காகத்தான். நடுவில் நேட் இருப்பது தெரிந்தால் எல்லாப் பாக்கெட்டையும் யூடிபி உறைக்குள் போட்டு 4500 வழியாக அனுப்ப வேண்டும் என்று 2005லேயே எழுதி வைத்துவிட்டார்கள். உறைக்குள் போய்விட்டால் அந்த 50க்கும் வேலையில்லை. ஒரு நேட்டோ இரண்டோ, பெட்டிக்கு அது பொருட்டில்லை.

அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசியிருக்கலாம்.

மார்ச் 6, வெள்ளி

ஆபீஸ் வேலையே முடியவில்லை, எதையும் தொடவில்லை. விளக்கை மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனித்தேன். ஒரே சீராக மினுக்குவதாக இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இல்லை. கொஞ்ச நேரம் மெதுவாக, பிறகு ஐந்தாறு வினாடி படபடவென்று வேகமாக, அப்புறம் மொத்தமாக அணைந்து மறுபடி மெதுவாக. கைக்கடிகாரத்தில் பார்த்தேன், ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. எதையோ தொடங்கி, பாதி தூரம் போய், அடி வாங்கித் திரும்பி வருகிறது.

மார்ச் 7, சனி

பெட்டியே பழுதா என்று தெரிந்துகொள்ள வேறு இணைப்பில் போட்டுப் பார்க்க வேண்டும். என்னிடம் இருந்த வேறு இணைப்பு என் போன் மட்டுமே. அதற்குச் சிக்னல் கிடைப்பது பால்கனியில்.

எனவே பால்கனியில் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஹாட்ஸ்பாட் போட்ட போன். பக்கத்தில் லேப்டாப், ஹாட்ஸ்பாட்டை வைஃபையில் வாங்கி நெட்வொர்க் கேபிள் வழியாகப் பெட்டிக்குக் கொடுத்தது. டவர் சிக்னலைக் கொண்டே சிக்னல் பெட்டிக்கு இன்டர்நெட். கிணற்றில் இறைத்த தண்ணீரைக் குழாய் வழியாக அதே கிணற்றில் விடுகிற கதை. "என்னடா பண்ற?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதினெட்டு நிமிடம். மூன்றாவது விளக்கு வேகமாக மினுக்கியது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், இந்த முறை அணையவில்லை. நிலையாக எரிந்தது. அம்மாவின் போனில் நான்கு கோடு.

ஆக, பெட்டி நன்றாக இருக்கிறது. பெட்டியைப் பயன்படுத்தலாம் என்ற கம்பெனிப் பதிவில் அம்மாவின் எண்ணும் சரியாக ஏறியிருக்கிறது. ஹாட்ஸ்பாட் வழியில் இரண்டு நேட்டைத் தாண்டிப் போயிருக்கிறது, லேப்டாப்பில் ஒன்று, போனில் ஒன்று. எனவே வியாழக்கிழமைச் சண்டையும் வீண். மிச்சம் இருப்பது ஒன்றுதான். நான் நிரபராதி என்று விட்ட ரவுட்டர்.

மார்ச் 8, ஞாயிறு

கண்டுபிடித்தாகிவிட்டது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இதற்கு ஐந்து நாள் போயிருக்கிறது.

ரவுட்டரின் பதிவேட்டை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். பதிவு பொதுவாக அணைந்தே கிடக்கும், ஆன் செய்தேன். பெட்டியின் முகவரி 192.168.1.23. காலை 9:12:40க்கு அந்த முகவரியிலிருந்து வந்த துண்டு பாக்கெட் தூக்கி எறியப்பட்டது என்று ஒரு வரி. அடுத்து 9:16:31. அடுத்து 9:20:22. நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. விளக்கு அடி வாங்கும் அதே கணக்கு.

நடப்பது இதுதான். ஒரு பாக்கெட்டில் 1500 பைட் வரை போகலாம். என் இணைப்பு பிபிபிஓஇ வகை, அதற்கு 8 பைட் போய்விடும், மிச்சம் 1492. உடைக்காதே என்ற குறியோடு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) அனுப்பிச் சரிபார்த்தேன். 1472 பைட் போகவில்லை, 1464 போனது. தலைப்புக்கு 28 சேர்த்தால் சரியாக 1492.

குழாய் போடும்போது முதலில் போகும் செய்திகள் சின்னவை, அவை தாராளமாகப் போய்விடும். அடுத்த கட்டத்தில் பெட்டி தன்னை யாரென்று நிரூபிக்கத் தன் சான்றிதழை அனுப்புகிறது. அது பெரியது, சங்கிலியாக இரண்டு மூன்று சேர்ந்தால் ஒரு பாக்கெட்டில் அடங்காது. அப்போது அதை இரண்டாக வெட்டி அனுப்புவார்கள். வெட்டுவதில் தப்பில்லை, ஆனால் போர்ட் எண் முதல் துண்டில் மட்டும்தான் இருக்கும். கடிதத்தை இரண்டாகக் கிழித்தால் கதவு எண் ஒரு பாதியில்தானே இருக்கும்? இரண்டாவது பாதியைப் பார்க்கிற ஃபயர்வாலுக்கு, அதாவது ரவுட்டரின் காவல்காரனுக்கு, அது 4500க்குப் போவதா வேறெதற்கோ போவதா என்று தெரியாது. தெரியாவிட்டால் தூக்கி எறி என்று சொல்லி வைத்திருந்தால் எறிந்துவிடும்.

ஃபயர்வால் பக்கத்தில், நடுவாந்தரத்தில், துண்டு பாக்கெட்டுகளைத் தடு என்று ஒரு கட்டம். அதில் டிக்.

என் போனின் வைஃபை காலிங் ஏன் தப்பித்தது என்பதும் இப்போது புரிகிறது. போன் தன்னை நிரூபிப்பது சிம் கார்டை வைத்து. அதன் செய்திகள் சின்னவை, வெட்ட வேண்டியதே இல்லை. போர்ட் திறந்திருக்கிறதா என்பதற்கு என் சோதனை சரியான பதிலைத்தான் கொடுத்தது. நான்தான் கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் எடுத்துக்கொண்டேன்.

டிக்கை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. 3000 பைட்டில், வெட்ட அனுமதித்து, பிங். பதில் இல்லை. டிக்கை எடுத்துச் சேமித்த பிறகு அதே பிங். பதில் வந்தது. பெட்டியை அணைத்துப் போட்டேன். பதினான்கு நிமிடத்தில் மூன்றாவது விளக்கு நின்று எரிந்தது.

அந்த டிக் யார் வேலை? வேறு யார். போன வருடம் ரவுட்டர் வாங்கிய புதிதில் ஃபயர்வால் பக்கத்தில் "தடு" என்று தொடங்கிய எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன், பாதுகாப்பாம். 1997இல் டியர்டிராப் என்று ஒரு தாக்குதல் வந்தது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி துண்டுகளை அனுப்பினால் அன்றைய கணினிகள் அப்படியே விழுந்துவிடும். அந்தக் காலத்து பயத்துக்குப் போட்ட கட்டம் இன்னும் ரவுட்டர்களில் இருக்கிறது, என்னைப் போன்றவர்கள் டிக் போட்டுக்கொண்டும் இருக்கிறோம்.

புதன்கிழமை திறந்து வைத்த நான்கு போர்ட்டையும் அழித்துவிட்டேன். விளக்கு அசையவில்லை.

மார்ச் 11, புதன்

இரண்டு நாள் நன்றாகப் போனது. நேற்று ராத்திரி "என் குரல் விட்டு விட்டு வருதாம்டா" என்றார் அம்மா. எதிர்முனையில் இருப்பவர் சொல்வது அம்மாவுக்குச் சரியாகக் கேட்கிறது, அம்மா சொல்வதுதான் அவர்களுக்குத் துண்டு துண்டாகப் போகிறது. அப்படியென்றால் அப்லோடு பக்கம். என் லேப்டாப் பத்து மணிக்கு பேக்கப் எடுக்கத் தொடங்கும். பேக்கப் இல்லாதபோது பிங் 14 மில்லி வினாடி, ஓடும்போது 640. ஒரு பேச்சுக்குத் தேவைப்படும் வேகம் அற்பம், ஆனால் அது பேக்கப் பாக்கெட்டுகளின் பின்னால் வரிசையில் நின்று காய்கிறது. ரவுட்டரில் பெட்டிக்கு முன்னுரிமை கொடுத்தேன். பேக்கப்பை முழு வேகத்தில் ஓடவிடாமல் பாதிக்குக் கட்டினேன். பிங் 30ஐத் தாண்டவில்லை. இந்த முறை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

மார்ச் 14, சனி

அம்மாவின் புதிய புகார். உள்ளே நன்றாகத்தான் கேட்கிறதாம், ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று கட் ஆகிறதாம். ரவுட்டர் பதிவேட்டைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. விளக்கு மூன்றும் நிலையாக எரிகின்றன.

மத்தியானம் ஒரு அழைப்பு வந்தபோது கூடவே இருந்து பார்த்தேன். அம்மா உள் அறையில் எடுத்தார். பேச்சு சுவாரசியமானதும் எழுந்து, பழக்கத்தில், பால்கனிக்குப் போனார். போன் பெட்டியை விட்டு வெளி டவருக்கு மாறியது, பேச்சு தொடர்ந்தது. பத்து நிமிடம் கழித்துப் பேசிக்கொண்டே உள்ளே வந்தார். கட்.

மடித்த தாளை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், கீழே, பொடி எழுத்தில் இருக்கிறது. பேச்சு நடுவில் பெட்டியிலிருந்து டவருக்கு மாற முடியும், டவரிலிருந்து பெட்டிக்குத் திரும்பி மாற முடியாது.

"பேசிட்டிருக்கும்போது பால்கனிக்குப் போகாதேம்மா" என்றேன்.

"இத்தனை வருஷமா வெளியே போய்ப் பேசு, வெளியே போய்ப் பேசுன்னு சொன்னது யாரு?" என்றார்.