பார்மாவின் உச்சி மாடியில் வெர்டி

இத்தாலியின் பார்மா நகர் என்றதும் பலருக்குச் சீஸும் ஹாமும்தான் நினைவுக்கு வரும். நான் போனது ஓபரா இசையமைப்பாளர் வெர்டிக்காக. ஓபரா என்றால் பாட்டாலேயே நடக்கும் நாடகம். இந்த ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1813 அக்டோபர் 10-ஆம் தேதி பிறந்தவர் ஜூஸெப்பே வெர்டி. அதையொட்டி ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் இங்கே வெர்டி விழா நடக்கிறது. விழாவின் மைய அரங்கம் 1829-இல் திறக்கப்பட்ட தெயாத்ரோ ரெஜியோ. கையில் எவ்வளவு காசு இருந்தாலும் வாங்க வேண்டியது உச்சி மாடி டிக்கெட்தான். லொஜியோனே என்கிறார்கள். பெரிய பெரிய பாடகர்களும் அஞ்சுவது இந்த மாடிக்குத்தான். ஒரு சுரம் பிசகினாலும் அங்கிருந்து குரல் எழும்.

அன்று வெர்டியின் 'ரிகோலெட்டோ'. இரண்டாம் அங்கம். மகளைக் கடத்திக்கொண்டுபோன அரசவைக்காரர்கள் முன்னால் கூன்முதுகுக் கோமாளி ரிகோலெட்டோ தனியாக நிற்கிறான். முதலில் வசைபாடுகிறான், ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து கொந்தளிக்கிறது. அது பலிக்கவில்லை என்றதும் கெஞ்சத் தொடங்குகிறான். அந்த இடத்தில் தனியாக ஒரு செல்லோ ஏறி ஏறி இறங்குகிறது, இங்கிலீஷ் ஹார்ன் என்ற ஊதுகருவி அவன் குரலோடு கூடவே வருகிறது. என் பக்கத்தில் இருந்த பெரியவர் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் சத்தமில்லாமல் உதட்டிலேயே பாடிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் அவரிடம், "உங்களுக்குப் பிடித்த ரிகோலெட்டோ யார்?" என்று கேட்டதுதான் தாமதம், நாலு பேர் கூடிவிட்டார்கள். டீட்டோ கோபி என்றார் பெரியவர். மரியா காலஸ் மகளாகப் பாடிய 1955-ஆம் ஆண்டு ஒலிப்பதிவு அது. கோபியைவிடக் கனமான குரல்கள் உண்டு. ஆனால் கெஞ்சும்போது அவர் அளவுக்குக் கூனிப்போகும் குரல் இல்லை. நானும் அவர் கட்சிதான்.

காலஸ் பெயர் வந்ததும் பேச்சு அதே ஆண்டு மே மாதம் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் நடந்த வெர்டியின் 'லா திராவியாட்டா' பக்கம் திரும்பியது. விஸ்கோன்டி இயக்கம், ஜூலீனி இசை நடத்துநர். முதல் அங்க முடிவில் காலஸ் காலணிகளை உதறிவிட்டுப் பாடியதற்கே அன்று சண்டை நடந்ததாம். கடைசியில் கோட்டும் தொப்பியும் அணிந்தபடி, கண் திறந்த நிலையில் காலஸ் பாடிய நாயகி வயலெட்டா உயிர் விடுகிறாள். அதை நேரில் பார்த்தவர்கள் இனி அரிது. நமக்குக் கரகரப்பான ஒலிப்பதிவு மட்டும் மிச்சம். அதுவே போதும் என்பேன்.

இந்த ஊர் ரசிகர்களின் உரிமையைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கதை. 1872-இல் பக்கத்து ஊரான ரெஜியோவிலிருந்து ஒருவர் ரயிலேறி வந்து இங்கே வெர்டியின் 'ஐடா' பார்த்தார். பிடிக்கவில்லை. சந்தேகம் தீர இன்னொரு முறையும் வந்து பார்த்துவிட்டு, ரயில் கட்டணம், டிக்கெட், இரவுச் சாப்பாடு எல்லாவற்றையும் திருப்பித் தரும்படி வெர்டிக்கே கடிதம் போட்டார். வெர்டி 27.80 லீரா கொடுக்கச் சொன்னார். சாப்பாட்டுக் காசு மட்டும் கிடையாது, அதை வீட்டிலேயே சாப்பிட்டிருக்கலாமே என்றார்! இன்றும் இங்கே 'இருபத்தேழு பேர் சங்கம்' இருக்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் வெர்டியின் ஒரு படைப்பின் பெயர்.

மறுநாள் ஆற்றைக் கடந்து இசை நடத்துநர் டோஸ்கானினி பிறந்த வீட்டுக்குப் போனேன். இப்போது அருங்காட்சியகம். 1887-இல் வெர்டியின் 'ஒதெல்லோ' முதன்முதலாக மேடையேறியபோது ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ வாசித்தவர்களில் ஒருவர், 19 வயது டோஸ்கானினி. அறுபது ஆண்டுகள் கழித்து, 1947-இல், நியூயார்க்கில் அதே ஓபராவை வானொலிக்காக நடத்தினார். தொடக்கப் புயல் காட்சியை அவர் விரட்டும் வேகத்தைக் கேளுங்கள். வெர்டியின் கண்ணெதிரே வாசித்தவரின் நினைவு அதில் இருக்கிறது.

மிலானில் என் மனம் நின்ற இடம் லா ஸ்காலா அல்ல, பியாட்ஸா புவோனரோட்டியில் உள்ள முதிய இசைக்கலைஞர்கள் இல்லம். வெர்டி தன் சொந்தப் பணத்தில் கட்டியது. தான் இறந்த பிறகே ஆட்களைச் சேர்க்க வேண்டும் என்றார். நன்றி சொல்ல வருவார்களே என்று. 1901-இல் அவர் இறந்தார், 1902-இல் இல்லம் திறந்தது. அவரும் மனைவி ஜூஸெப்பீனாவும் அங்கேதான் அடக்கம். 1960-களின் தொடக்கம் வரை அவருடைய ஓபராக்களின் உரிமைத்தொகைதான் இல்லத்தை நடத்தியது.

வெர்டியின் ஓபராக்களில் எனக்குப் பிடித்தது எது என்று பார்மாவில் கேட்டார்கள். 'சீமோன் பொக்கனேக்ரா' என்றேன். இசை நடத்துநர் அபாதோ 1977-இல் லா ஸ்காலா குழுவோடு செய்த ஒலிப்பதிவு. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தகப்பன் மகளை அடையாளம் காணும் காட்சியில் கப்புச்சில்லியும் மிரெல்லா ஃப்ரேனியும் பாடுகிறார்கள். அவள் போன பிறகு அவன் 'ஃபீல்யா', மகளே, என்று ஒரே சொல்லை உச்ச சுரத்தில், மெல்லிய குரலில் பாட வேண்டும். பாரிடோன்களுக்கு, அதாவது நடுத்தரக் கனமுள்ள ஆண் குரல்களுக்கு, அது பெரிய சோதனை. வெர்டிக்குப் புதியவர் என்றால் முழு ஓபராவையும் பிறகு கேட்டுக்கொள்ளலாம், முதல் அங்கத்தின் இந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.