பழைய என்ஃபியூஸை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றிய அனுபவம்

பழைய வீடுகளைப் படம் எடுப்பவர்களுக்கு முற்றம் பெரிய சோதனை. நடுவில் உச்சி வெயில், சுற்றிலும் தாழ்வாரம், அதற்கு அப்பால் ரேழியும் கூடமும் அரை இருட்டு. வெயிலுக்குச் சரியாக வைத்தால் தூண்கள் கறுத்துவிடும். தூண்களுக்குச் சரியாக வைத்தால் முற்றம் வெளுத்துப்போகும். கேமராவை முக்காலியில் நிறுத்தி, வெளிச்ச அளவை மாற்றி மாற்றி ஐந்து படம் எடுத்து, அவற்றை ஒன்றாகக் கலப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி.

திருவல்லிக்கேணியில் எங்கள் பெரியப்பா வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள். அதற்குள் அந்த வீட்டை முழுதாகப் படம் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று இறங்கினேன். கலப்பதற்கு நான் தேர்ந்தெடுத்தது என்ஃபியூஸ். இலவச மென்பொருள். 2007இல் மெர்ட்டன்ஸ், காவுட்ஸ், வான் ரீத் என்ற மூவர் வெளியிட்ட முறையை அடிப்படையாகக் கொண்டது. ஒவ்வொரு படத்திலும் எந்தப் புள்ளி நல்ல வெளிச்சத்தில் இருக்கிறது, எங்கே நிறம் செழிப்பாக இருக்கிறது என்று மதிப்பெண் போட்டு, நல்ல பகுதிகளுக்கு அதிக இடம் கொடுக்கும். ஒட்டுப்போட்ட தடம் தெரியாமல் அவற்றை இணைப்பது 1983இல் பர்ட்டும் ஏடெல்சனும் சொன்ன பிரமிட் முறை. பளபளவென்று பொய்யான நிறம் வராது, கண் பார்த்தது போலவே இருக்கும். அதற்காகவே எனக்கு இது பிடிக்கும்.

வீட்டில் இருக்கும் டெஸ்க்டாப் அக்கா மகனுடையது. வேலை கிடைத்துப் புனே போகும்போது என்னிடம் விட்டுப்போனான். உபுண்டு என்ற லினக்ஸ் போட்டிருக்கிறான், நடுவில் புது வெர்ஷனுக்கும் மாற்றியாகிவிட்டது. உபுண்டுவில் ஏற்றுவது சுலபம்தான். கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, மென்பொருளை ஏற்றி இறக்கும் ஏபிடி கட்டளையில் என்பிளெண்ட், என்ஃபியூஸ், ஹியூகின், ஹியூகின் டூல்ஸ் என்று நான்கு பேக்கேஜ்களையும் கேட்டால் போதும். ஹியூகின் பல படங்களை ஒட்டி அகலப் படமாக்கும் மென்பொருள், என்பிளெண்ட் அந்த ஒட்டுகளைக் கலந்துவிடும் புரோகிராம். கடைசிப் பேக்கேஜை விட்டுவிடாதீர்கள். முக்காலி லேசாக அசைந்திருந்தால் படங்களை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்தித் தரும் அலைன் இமேஜ் ஸ்டேக் அதற்குள்தான் இருக்கிறது.

பேக்கேஜ்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. யூபிஎஸ் பாட்டரியும் தாங்கவில்லை. திரும்ப வந்ததும் ஏபிடி எதையும் செய்ய மறுத்தது. பயப்பட ஒன்றுமில்லை: டிபிகேஜி கட்டளையில் கான்ஃபிகர் என்பதோடு ஏ சேர்த்து ஓட்டினால், பாதியில் நின்றதை அதுவே முடித்து வைக்கும். முடித்தது.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். என்ஃபியூஸை ஓட்டினால், ஏதோ ஒரு லைப்ரரி (புரோகிராம் ஓடுவதற்கு வேண்டிய துணை ஃபைல்) கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. பேக்கேஜை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினாலும் அதே பதில். இப்போதுதான் ஏற்றிய மென்பொருளுக்கு வேண்டிய லைப்ரரி எப்படி இல்லாமல் போகும்? விச் கட்டளையோடு ஏ சேர்த்து, என்ஃபியூஸ் எங்கெங்கே இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு இடம் காட்டியது. ஒன்று ஏபிடி வைத்தது. இன்னொன்று யூஎஸ்ஆருக்குள் இருக்கும் லோக்கல் ஃபோல்டரில்.

அக்கா மகனுக்கு ஃபோன் போட்டேன். "ஆமா சித்தி, அது நான் போட்டதுதான். அப்போ உபுண்டுல பழைய வெர்ஷன்தான் கிடைச்சுது, அதனால சோர்ஸ்ல இருந்து பில்ட் பண்ணேன். ஹியூகினும் அப்படித்தான்" என்றான்.

சரி, விஷயம் விளங்கியது. சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, நாமே கட்டி ஏற்றியது வழக்கமாக லோக்கல் ஃபோல்டருக்குத்தான் போகும். ஏபிடிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே ஏபிடியிடம் எத்தனை தரம் நீக்கச் சொன்னாலும் அதைத் தொடாது. ஆனால் கட்டளையைத் தேடும் வரிசையில் லோக்கல் ஃபோல்டர் முன்னால் நிற்கிறது. நான் கூப்பிடும்போதெல்லாம் வந்து நின்றது பழையதுதான். எல்டிடி கட்டளையால் அதைச் சோதித்தபோது, உபுண்டு வெர்ஷன் மாறியதில் காணாமல்போன பழைய லைப்ரரிகளை அது இன்னும் தேடிக்கொண்டிருப்பது தெரிந்தது.

இதை நீக்க மேக் அன்இன்ஸ்டால் என்று ஒரு வழி உண்டு, ஆனால் கட்டிய ஃபோல்டர் கையில் இருக்க வேண்டும். என்ஃபியூஸின் ஃபோல்டரை அவன் எப்போதோ அழித்திருந்தான். ஃபைண்ட் கட்டளையால் லோக்கல் ஃபோல்டர் முழுக்க என்ஃபியூஸ், என்பிளெண்ட் என்ற இரண்டு பெயர்களையும் தேடினேன். புரோகிராம்களும் அவற்றின் கையேட்டுப் பக்கங்களும் கிடைத்தன. உடனே அழிக்காமல் தனி ஃபோல்டருக்கு நகர்த்தி வைத்தேன். இதில் அவசரம் கூடாது. அந்த இடத்தில் வேறு எது எதற்கு வேண்டியிருக்கும் என்று நமக்குச் சட்டென்று தெரியாது.

ஹியூகினை நீக்குவது இதைவிட எளிதாக இருந்தது. அதன் பில்ட் ஃபோல்டர் ஹோமிலேயே இருந்தது. சிமேக் என்ற கட்டும் கருவி வழியாக ஏற்றியவற்றுக்கு இன்ஸ்டால் மேனிஃபெஸ்ட் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாகும். எந்த ஃபைலை எங்கே வைத்தது என்று வரிக்கு ஒன்றாக எழுதியிருக்கும். அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்து, அதிலுள்ளதை மட்டும் நீக்கினேன். பிறகு, லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டி கான்ஃபிக் கட்டளையை ஓட்டினேன்.

இவ்வளவுக்குப் பிறகும் என்ஃபியூஸ் என்று அடித்தால், பழைய முகவரியைச் சொல்லி "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்றது. டெர்மினல் முன்பு போன வழியை நினைவில் வைத்திருக்கும். அதை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்ததும் சரியாகிவிட்டது.

ஹியூகின் மட்டும் முரண்டு பிடித்தது. அதன் பிரிஃபரன்ஸஸில் புரோகிராம்ஸ் என்ற பகுதியில், வேறு என்பிளெண்டைப் பயன்படுத்து என்று அக்கா மகன் டிக் போட்டுப் பழைய முகவரியைக் கொடுத்திருந்தான். ஏபிடியில் பர்ஜ் (அமைப்பு ஃபைல்களோடு சேர்த்து நீக்குவது) போட்டாலும் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் இந்த மாதிரி விருப்பங்கள் அழியாது. டிக்கை எடுத்ததும் புதியதைக் கண்டுகொண்டது.

ஏபிடியின் ஆட்டோரிமூவ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேவையில்லாத துணைப் பேக்கேஜ்களை அது நீக்கும், நல்லதுதான். ஆனால் ஒய் அடிப்பதற்கு முன் பட்டியலைக் கட்டாயம் படியுங்கள். எதை எப்போது ஏற்றினோம், எதை எடுத்தோம் என்பதெல்லாம் வார், லாக், ஏபிடி என்று உள்ளே போனால் ஹிஸ்டரி லாக் ஃபைலில் இருக்கும். எனக்கு அது ரொம்ப உதவியது.

இப்போது கூடத்துப் படங்களைக் கலந்துகொண்டிருக்கிறேன். 24 மெகாபிக்சல் படம் சுருக்காத 16 பிட் டிஃப் ஃபைலாக மாறினால் ஒன்றே சுமார் 144 எம்பி, ஐந்து சேர்ந்தால் 720 எம்பி. டிஸ்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். என்ஃபியூஸில் வெளிச்சத்துக்கு 1, நிறச் செழிப்புக்கு 0.2, கான்ட்ராஸ்டுக்கு 0 என்பதே இயல்பான அளவு. முற்றத்துக்கு அதை நான் மாற்றவே இல்லை. கதவின் மரச்செதுக்கலை மட்டும் ஃபோகஸை மாற்றி மாற்றி எடுத்திருந்தேன். அதற்கு வெளிச்சத்தையும் நிறத்தையும் 0 ஆக்கி, கான்ட்ராஸ்டை 1 ஆக்கி, ஒவ்வொரு புள்ளியையும் கலக்காமல் ஒரே படத்திலிருந்து எடுக்கும் ஹார்ட் மாஸ்க் சேர்த்தேன். முன்னிருக்கும் யாளி முதல் பின்னால் ஓடும் கொடி வரை எல்லாம் கூர்மையாக வந்திருக்கிறது.