காவல் நிலையத்தில் மாற்றுத்திறனாளியும் பேச வேண்டும்

காது கேளாத ஒருவர் புகார் கொடுக்க வந்தால், வாசலில் நிற்கும் பாரா காவலர் முதல் உள்ளே மனுவை வாங்கும் ரைட்டர் வரை பெரும்பாலும் துணைக்கு வந்தவரிடம்தான் பேசுகிறார்கள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இருப்பதில்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரம்தான். ஆனால், துணைக்கு வந்தவரே அந்த வீட்டில் அவரை அடிப்பவராகவோ, அடிப்பவரின் உறவினராகவோ இருந்தால், எழுதப்படும் வாக்குமூலம் யாருடையது?

இந்த ஆபத்தைச் சட்டம் உணர்ந்தே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால், அவருடைய வீட்டிலோ அவர் விரும்பும் வசதியான இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் முன்னிலையில் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். அதை வீடியோவாகவும் எடுக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 7ஆம் பிரிவோ இன்னும் விரிவானது. துன்புறுத்தல், வன்முறை, சுரண்டல் பற்றித் தெரியவரும் காவல் அதிகாரி, பாதுகாப்புக் கோரும் உரிமை, இலவச சட்ட உதவி, அருகிலுள்ள மறுவாழ்வு அமைப்பின் விவரம் ஆகியவற்றைப் பாதிக்கப்பட்டவருக்குத் தாமே தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.

பார்வையற்ற தலித் பெண் ஒருவர் பாதிக்கப்பட்ட ஆந்திர வழக்கில், 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதை மேலும் தெளிவாக்கியது. குற்றவாளியை அவனுடைய குரலை வைத்து அந்தப் பெண் அடையாளம் கண்டதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மாற்றுத்திறனாளியின் சாட்சியத்தை அவருடைய குறைபாட்டைக் காட்டி மட்டமாக எடைபோடக் கூடாது என்றது. காவலர்களுக்குப் பயிற்சி தேவை என்றும், காவல் நிலையந்தோறும் சிறப்புக் கல்வியாளர், மொழிபெயர்ப்பாளர் பட்டியல் இருக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது.

அந்தப் பட்டியலை யார் தயாரிப்பது என்பதில்தான் என் கவலை இருக்கிறது. கிராமத்தில் பள்ளிக்கே போகாமல் வளர்ந்த காது கேளாத பெண்ணுக்கு இந்திய சைகை மொழி தெரியாமலே இருக்கலாம். வீட்டுக்குள் உருவான சைகைகள்தான் அவருடைய மொழி. நகரத்திலிருந்து வரும் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்கூட அங்கே திணறுவார். அந்த வட்டாரத்துச் சிறப்புப் பள்ளி ஆசிரியருக்கோ, காது கேளாதோர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவருக்கோ அது பிடிபடக்கூடும். இத்தகைய தகவல் மாவட்டக் காவல் அலுவலகக் கோப்புகளில் கிடைக்காது, மாற்றுத்திறனாளிகளிடம் கேட்டால்தான் கிடைக்கும்.

வாகனச் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். காது கேளாதவர்களும் ஓட்டுநர் உரிமம் பெற்று இருசக்கர வாகனம் ஓட்டுகிறார்கள். பின்னாலிருந்து விசில் ஊதினால் அவருக்குக் கேட்காது, நிற்காமல் போவார். காவலர் கண்ணுக்கு அது தப்பியோடுவதாகத் தெரியும். மூளை முடக்குவாதம் உள்ளவரின் தள்ளாட்டமும் குழறும் பேச்சும் குடிபோதையாகத் தெரியும். ஊன்றுகோலுடன் நடக்கும் என்னைப் பார்த்தவுடன் நாற்காலி போடும் காவலர்கள் இருக்கிறார்கள், நன்றி. ஆனால் கண்ணுக்குப் புலப்படாத குறைபாடு உள்ளவருக்கு அந்த நாற்காலியோ பொறுமையோ கிடைப்பது அரிது.

மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் நலத்திட்ட உதவி வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அது கலந்தாலோசனை ஆகாது. காவலர் பயிற்சிப் பள்ளியில் பாடத்தை எழுதும்போதே மாற்றுத்திறனாளிகள் உடன் இருக்க வேண்டும். பார்வையற்றவரும் மனநலப் பாதிப்பு உள்ளவரும் வகுப்பெடுக்க வேண்டும். புகார் கொடுத்துப் பார்த்தவர்கள், எந்த மேசையில், எந்தக் கேள்வியில் தாங்கள் திரும்பிப் போக நேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க, 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் வழி செய்தது. ஊராட்சியில் இது முடியும் என்றால், ஒவ்வொரு காவல் உட்கோட்டத்திலும் வெவ்வேறு குறைபாடுள்ள நான்கைந்து பேர் கொண்ட ஆலோசனைக் குழு அமைப்பது பெரிய காரியமல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை துணைக் கண்காணிப்பாளர் அவர்களைச் சந்தித்து, முந்தைய கூட்டத்தில் சொன்னவற்றில் எதைச் செய்தோம், எதைச் செய்யவில்லை, ஏன் என்று எழுத்தில் தர வேண்டும். உறுப்பினர்களுக்குப் பயணப்படியும் மதிப்பூதியமும் உண்டு என்பதை அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் துணையாள் இன்றி வெளியே வர முடியாதவருக்கு ஒரு கூட்டத்துக்கு வந்து போவதே ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும்.