ஆறு மாதக் கெடு: ஒரு குடியுரிமை நாட்குறிப்பு

2025 மார்ச் 9, ஞாயிறு, பிராங்க்ஃபர்ட்

சென்ற ஆகஸ்டில் கொடுத்த ஜெர்மன் குடியுரிமை விண்ணப்பம் முடியும் தறுவாயில் இருக்கிறது என்றும், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள் மட்டும் வேண்டும் என்றும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. 33 கேள்விகளில் 17க்குச் சரியாக விடையளித்தால் போதும் என்ற தேர்வை ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டேன். 255 யூரோ கட்டணமும் கட்டியாயிற்று.

நான் இங்கு வந்தது 2018இல். நிரந்தர வதிவிட அனுமதி இருப்பதால் வேலைக்கோ வீட்டுக்கோ ஒரு தடையும் இல்லை. ஆனால் முன்கூட்டியே கேட்டுத் தவணை வாங்கினாலொழிய, ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே தங்கியவரின் அனுமதி தானாகவே செல்லாததாகிவிடும். கும்பகோணத்தில் அம்மா தனியாக இருக்கிறார். இரண்டு முழங்கால்களிலும் அறுவை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அம்மாவின் அருகில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டு, பிழைப்பு கெடாமல் திரும்பி வர வேண்டுமானால், நான் இந்தியக் குடிமகனாக இருக்கக் கூடாது. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த இரவில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மார்ச் 23, ஞாயிறு

மேல் மாடியில் குடியிருக்கும் துருக்கிய அம்மையார் காலையில் தேநீருக்கு அழைத்திருந்தார். 1961இல் ஜெர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி இங்கு வந்தவர் அவருடைய தந்தை. அம்மையார் 2003இல் ஜெர்மன் குடியுரிமை பெற்றபோது, துருக்கியக் குடியுரிமையை விட்டுவிட்டதற்கான சான்றைக் காட்டும்படி கேட்டார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்கும் சுவிட்சர்லாந்துக்காரர்களுக்கும் பிற்பாடு விலக்குக் கிடைத்தது, துருக்கியருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பிடிவாதத்தை 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி கைவிட்டது. இப்போது யாரும் எதையும் விட வேண்டியதில்லை. காத்திருக்கும் காலமும் எட்டு ஆண்டுகளிலிருந்து ஐந்தாகக் குறைந்தது.

“உங்களுக்கு நல்ல காலம், இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்” என்றார். என்னால் முடியாது என்று விளக்க அரை மணி நேரமாயிற்று. ஜெர்மனி கதவைத் திறந்து வைத்தாலும் இந்தியா தன் பக்கத்துக் கதவைத் தாழிட்டே வைத்திருக்கிறது. விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகன் ஆகமாட்டார் என்கிறது அரசியலமைப்பின் 9ஆவது உறுப்பு. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே எண் அமைந்தது தற்செயலாக இருக்கலாம், ஆனால் மறக்காமல் இருக்க உதவுகிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

தமிழ்ப் பள்ளியின் புத்தாண்டு விழாவில் யாழ்ப்பாணத்து அண்ணரைப் பார்த்தேன். எண்பதுகளில் அகதியாக வந்தவர். இலங்கைச் சட்டத்திலும் வேறு குடியுரிமை பெற்ற உடனேயே பழையது போய்விடும். ஆனால் அமைச்சருக்கு விண்ணப்பித்துத் திரும்பப் பெற வழியுண்டு. 2011இல் நிறுத்திவைக்கப்பட்ட அந்த வழி 2015இல் மீண்டும் திறந்தபோது அவர் விண்ணப்பித்து வாங்கிவிட்டார்.

“தம்பி, உங்கட நாடு விசா இல்லாமப் போய்வர ஒரு அட்டைதான் தரும். எங்கட நாடு குடியுரிமையையே தரும், என்ன, காசு கட்டவேணும். ஆனா பாராளுமன்றத்துக்கு மட்டும் போகேலாது” என்று சொல்லிச் சிரித்தார். அந்தத் தடை 2015இன் 19ஆம் திருத்தத்தில் வந்து, 2020இல் நீங்கி, 2022இல் திரும்பவும் வந்துவிட்டது. பாராளுமன்றத்துக்குப் போகும் எண்ணம் அண்ணருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

மே 4, ஞாயிறு

மகளையும் விண்ணப்பத்தில் சேர்த்தால் 51 யூரோதான் கூடுதல் செலவு. ஆனாலும் சேர்க்க வேண்டாம் என்று மனைவியும் நானும் முடிவு செய்திருந்தோம். மனைவி தன் இந்தியக் கடவுச்சீட்டையும் விடப்போவதில்லை. “வீட்டுல ஒருத்தராவது ஓட்டுப் போடணும்” என்பது அவளுடைய வாதம்.

மகள் விஷயத்தில் எங்களை எச்சரித்தது உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் அளித்த தீர்ப்பு. தாய் கருவுற்றிருந்தபோதே பெற்றோர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட, அங்கே பிறந்த பிள்ளை, வளர்ந்தபின் இந்தியக் குடியுரிமையைத் திரும்பக் கேட்ட வழக்கு அது. சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது; உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 8ஆவது பிரிவின்படி தாமாக அறிவித்துத் துறப்பவரின் பிள்ளைக்கு, வயது வந்த ஓராண்டுக்குள் திரும்பி வரும் உரிமை உண்டு. 9ஆவது பிரிவின்படி குடியுரிமை போனவரின் பிள்ளைக்கு அப்படி ஓர் உரிமை இல்லை. ஊரில் எல்லோரும் “துறப்பு” என்று சொல்லிக்கொண்டிருப்பது உண்மையில் துறப்பே அல்ல என்பதை அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகுதான் உணர்ந்தேன். யாரும் துறப்பதில்லை, அது தானாக அற்றுப்போகிறது.

ஜூன் 17, செவ்வாய்

முன்பின் தெரியாத பன்னிரண்டு பேரோடு ஒரு சிறிய அறையில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து, ஜெர்மன் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்தையும் மற்றச் சட்டங்களையும் மதிப்பேன் என்றும், இந்நாட்டுக்குக் கேடு விளைவிக்கும் எதையும் செய்யமாட்டேன் என்றும் சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது குரல் சற்றுக் கம்மியது. அந்தப் பெண் அதிகாரி கழுகு முத்திரை பதித்த தாளை நீட்டினார். அது கைக்கு வந்து சேரும் கணத்தில்தான் குடியுரிமை உண்டாகிறது என்பது ஜெர்மன் சட்டம். தாளின் ஒரு முனை அவர் விரல்களிலும் மறுமுனை என் விரல்களிலும் இருந்த அந்த அரை நொடியில் நான் எந்த நாட்டுக்காரன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அவர் விரலை எடுத்தார். இந்தியா என்ற சொல்லை அறையில் யாரும் உச்சரிக்கவில்லை. என் வதிவிட அட்டையை வாங்கி ஓர் உறைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

மாலையில் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஒரு பாட்டம் அழுவார் என்று நினைத்திருந்தேன்.

“அப்ப ரேஷன் கார்டுல உன் பேர எடுக்கணுமாப்பா?”

“எடுக்கணும்மா. 2018லயே எடுத்திருக்கணும்.”

“எடுத்தா அரிசி குறையுமே?”

ஜூலை 28, திங்கள்

ஜெர்மன் கடவுச்சீட்டு கைக்கு வந்ததால், இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்கும் விண்ணப்பத்தை இன்று கொடுத்தேன். வேறு குடியுரிமை பெற்ற பின்னும் பழையதைக் காட்டிப் பயணம் செய்வது 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின்படி குற்றம். அப்படிச் செய்துவிட்டு அபராதம் கட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர் உண்டு.

வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கப் படிவம் 7ஐக் கொடுக்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். கடைசியாக நான் வாக்களித்தது 2016 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில். ஏழாண்டுகளாக இங்கிருந்துகொண்டு வாக்குரிமைக்காக இப்போது வருந்துவது கொஞ்சம் நடிப்பாகவே எனக்குப் படுகிறது. வயல் விஷயம் அப்படியல்ல. அப்பாவின் ஒன்றரை ஏக்கர் நஞ்சையில் எனக்குரிய பங்கை வாரிசாகப் பெறலாம். ஆனால் பக்கத்து வரப்புக்காரர் விற்கிறேன் என்றால் ஒரு குழி நிலத்தைக்கூட நான் வாங்க முடியாது.

ஆகஸ்ட் 21, வியாழன்

பழைய கடவுச்சீட்டு தபாலில் திரும்பி வந்தது. ரத்து முத்திரை குத்தி, அட்டையின் மூலையைக் கத்தரித்திருந்தார்கள். வெட்டு முதல் பக்கத்துப் படத்தைத் தொடவில்லை. மகள் அதை வாங்கி, 2018இல் எனக்கு மீசை இருந்ததைக் கண்டுபிடித்தாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஓ.சி.ஐ. அட்டை வந்துவிட்டது. தமிழில் “வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்” என்று பெயர்; குடியுரிமை மட்டும்தான் அதில் கிடையாது. நம் ஊரில் ஓசி என்றால் காசில்லாமல் கிடைப்பது, இதற்கு 275 டாலர். ஆனாலும் என் காரியத்துக்கு இதுதான் வேண்டும். ஆயுள் முழுவதும் விசா கேட்காமல் போய்வரலாம், எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தங்கலாம், ஜெர்மனியிலும் எந்தக் கெடுவும் ஓடாது.

சம்பளமில்லா விடுப்பும் கிடைத்துவிட்டது. நவம்பர் 8இல் புறப்பட்டு ஜூன் 14இல் திரும்புமாறு பயணச்சீட்டு எடுத்துவிட்டு அம்மாவை அழைத்தேன். ஏழு மாதத்துக்கு மேல் இருப்பேன் என்றதும் அம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

“ஏழு மாசம் இங்கதான் சாப்பிடப் போறன்னா, ரேஷன் கார்டுல திரும்பவும் பேரச் சேர்த்துடலாமாப்பா?”