பயோடேட்டாவில் எழுதாத வேலை

வள்ளியூர், பணகுடி வட்டாரத்தில் நிற்கும் காற்றாலைகளைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். இங்கே மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் சீசன். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதால், பலத்த காற்று வீசும் நாளில் ஓர் இயந்திரம் நின்றுபோனால் இழப்பு மிகப் பெரிது. எனவே புதிய ஆட்களை எடுத்துப் பழக்கும் வேலையைப் பங்குனிக்குள் முடித்துவிடப் பார்ப்போம். அதற்கான நேர்முகத் தேர்வுகளில் கேள்வி கேட்கும் குழுவில் நானும் ஒருவன்.

அம்பாசமுத்திரம், நாங்குநேரி, திசையன்விளைப் பக்கங்களிலிருந்து ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டு வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் தயாரித்துக்கொண்டு வருவது, ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த ஓர் அறிமுகத்தைத்தான். பெயர், ஊர், தகப்பனார் தொழில், கடின உழைப்பே என் பலம் என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கும்போது நடுவில் ஒரு சொல் மறந்துவிட்டால், அதன் பிறகு தெரிந்த கேள்விக்குக்கூட அவர்களுக்கு வாய் எழுவதில்லை. அந்த அறிமுகத்துக்காக நாங்கள் மதிப்பெண் எதுவும் போடுவதில்லை என்பதை அவர்களுக்கு யாராவது முன்னரே சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஒரு தேர்வில் மின்பணியாளர் பிரிவில் படித்த தம்பி ஒருவர் முதல் கேள்விகள் எதற்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. விடுமுறைகளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையொன்றில் கூடமாட வேலை பார்ப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பயோடேட்டாவில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வயல் கிணற்று மோட்டார்கள் எதனால் எரிகின்றன என்று கேட்டேன். “ஒரு பேஸ் போயிரும் சார். அது தெரியாம மோட்டார் ஓடிக்கிட்டே இருந்தா மத்ததுல கரண்டு கூடிரும். காயிலப் பிரிச்சுப் பாத்தாலே தெரியும். ஸ்டார் கனெக்‌ஷன்னா ரெண்டு பேஸ் காயில் கருகியிருக்கும், ஒண்ணு அப்படியே இருக்கும். டெல்டான்னா ஒண்ணுதான் கருகும்” என்றார். பேஸ் என்பது மோட்டாருக்கு வரும் மும்முனை மின்சாரத்தின் ஒரு முனை; ஸ்டார், டெல்டா என்பவை மோட்டாரின் காயில்களை இணைக்கும் இரண்டு முறைகள். கருகிய காயிலைத் தன் கையால் பிரித்துப் பார்த்தவருக்கு மட்டுமே இவ்வளவு தெளிவாக வரக்கூடிய பதில் அது. இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, “அது சும்மா கடை வேலைதான சார்” என்றார். அவரைத் தேர்ந்தெடுப்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே எழவில்லை.

நேர்முகத் தேர்வுக்குத் தயாராவது என்பதை அந்தக் கடை வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். தன் கையால் செய்த வேலைகளை, சம்பளம் வாங்கியதோ வாங்காததோ, முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதனால் அப்படிச் செய்தோம், வேறு விதமாகச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தன்னைத்தானே கேட்டு, வீட்டில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். மனத்துக்குள் தெளிவாக இருப்பது வாய்க்கு வரும்போது எங்கே குழம்புகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். பயோடேட்டாவில் இருக்கும் ஒவ்வொரு வரியும் கேள்வியாகத் திரும்பி வரும். காசு கொடுத்து வாங்கிய புராஜெக்டை எழுதியவர்கள், அதிலுள்ள ஒரு சென்சார் எதற்கு என்று கேட்டவுடனேயே தடுமாறுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

ஆங்கிலத்தைப் பற்றிய அச்சம் இங்கே மிக அதிகம். தமிழில் சொல்லலாமா என்று மரியாதையாகக் கேட்டால், எங்களைப் போன்ற களப்பணிக்கான தேர்வுகளில் மறுப்பவர்கள் குறைவு. கியர்பாக்ஸ், பிரேக், ஹைட்ராலிக் என்ற சொற்கள் அப்படியேதான் வரப்போகின்றன. அவற்றை இணைக்கும் வாக்கியம் தமிழில் இருந்தால் சிந்தனை தடைப்படுவதில்லை. மென்பொருள் நிறுவனங்களுக்கோ வெளிமாநிலப் பணிக்கோ இது பொருந்தாது என்பதால், அங்கே செல்ல விரும்புகிறவர்கள் ஆங்கிலப் பேச்சுக்கு மாதக்கணக்கில் உழைத்தே ஆக வேண்டும்.

தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் அந்த இடத்திலேயே நின்றுவிடாமல், தெரிந்ததிலிருந்து எவ்வளவு தூரம் யோசிக்க முடிகிறது என்று காட்டுவது நல்லது. புயல் வேகத்தில் காற்று அடித்தால் காற்றாலை என்ன செய்யும் என்று கேட்டபோது ஒருவர், அது தெரியாது என்றாலும் இறக்கையைத் திருப்பிக் காற்றுப் பிடிக்காதபடி செய்யலாம் என்று தோன்றுவதாகச் சொன்னார். அவர் ஊகித்தது சரிதான். வினாடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர் வேகத்தைத் தாண்டினால் பல இயந்திரங்கள் அவ்வாறுதான் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன.

இறுதியில் நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா என்போம். பலர் இல்லை என்று எழுந்துவிடுகிறார்கள். கோபுரம் ஏறுபவருக்கான பாதுகாப்புப் பெல்ட்டை யார் தருவார்கள், அதை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பீர்கள், சீசனில் இரவுப் பணி உண்டா என்று கேட்கலாம். உயரத்தில் வேலை பார்க்கப் போகிறவர் இவற்றைக் கேட்பது அவருடைய உரிமை, அதற்குச் சரியான பதில் சொல்வது எங்கள் கடமை. அப்படிக் கேட்டவர்களை நாங்கள் ஒருபோதும் குறைவாக மதித்ததில்லை.